குடலில் மறைந்த பை

தென் கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் தமிழ் அன்பர்கள், காலேஜ் தெருவுக்குப் பெரும்பாலும் புத்தகம் வாங்கவே செல்வார்கள். அத்தெருவிலேதான் கல்கத்தா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1835 ஜனவரி 28-இல் அதனை நிறுவும் ஆணை பிறந்தது. சில நாட்களுக்குள், பிப்ரவரி 2-இல், நம் சென்னையிலும் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

வயிற்றினுள் மறைந்து நிற்கும் நோயை அறிவது எளிதன்று. சிறுகுடலின் சுவரில் ஒரு சிறு பை பிதுங்கி நிற்பதை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு இருவரிடம் பிறவியிலேயே இது உண்டு. கருவின் குடலை மஞ்சட்கருப் பையுடன் இணைத்த குழாயின் எச்சம் இது என்று 1809-இல் ஜெர்மானியரான மெக்கெல் விளக்கினார். உடல்களை அறுத்து ஆராய்ந்தவர்க்கே புலப்பட்ட உண்மை இது.

ஆனால் அந்நாளில் வங்காளத்து உயர்குலத்தார் பிணத்தைத் தீண்டுவதையும் தீட்டெனக் கருதினர். இத்தடையை உடைத்தவர் பண்டித மதுசூதன குப்தர். ஆயுர்வேதம் பயின்ற வைத்தியர். சுசுருத சங்கிதையை அச்சேற்றியவர். ரண வைத்தியம் கற்போன் சவத்தை ஆராய்ந்தே தீரவேண்டும் என்பது சுசுருதரின் விதி. ஏட்டில் உறங்கிய அவ்விதிக்கு, 1836-இல் அவர் கையிலெடுத்த கத்தி உயிர் கொடுத்தது. மாணவர்களும் அவரைப் பின்பற்றினர். 1847-இல் ஈதர் மயக்க மருந்தும் கல்கத்தாவுக்கு வந்தது. வலியின்றி உடலை அறுக்க வழி பிறந்தது.

இப் பையுடையோரிற் பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிப்பர். சிலருக்கோ அதனுள் இரைப்பையின் திசு வளர்ந்து, அமிலம் சுரந்து, அருகிலுள்ள குடலைப் புண்ணாக்கும். அப்போது குழந்தையின் மலத்தில், வலியே இன்றி, இரத்தம் காணும். வேறு சிலருக்குக் குடலடைப்பு நேரும். அல்லது பை அழற்சியுற்று, குடல்வால் நோய் போலவே வயிறு வலிக்கும். கதிரியக்க டெக்னீசியத்தைச் சிரையில் ஏற்றிப் படமெடுத்தால், அத்திசு இருக்குமிடம் பல வேளைகளில் தெரியும். வயிற்றைத் திறந்த பின்னரே உண்மை வெளிப்படுவதும் உண்டு. தொல்லை தரும் பையை மட்டுமோ, அது பொருந்திய குடற்பகுதியையும் சேர்த்தோ வெட்டி நீக்கி, மருத்துவர் குடலைத் தைத்து இணைப்பர்.

முதியோரின் சிறுகுடல் மேற்பகுதியில் தோன்றும் பைகள் வேறுவகை. அவை பலவாக இருக்கும். ஓட்டை விழுந்தாலோ, இரத்தம் நில்லாது ஒழுகினாலோ கத்தி வேண்டும். இல்லையேல் பெரும்பாலும் மருந்தே போதும்.

ஆகவே, வலியில்லையே என்று மலத்தில் காணும் இரத்தத்தைப் புறக்கணித்தல் தகாது. அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். அடுத்த முறை காலேஜ் தெருவுக்குப் போகும்போது, அக்கல்லூரி வாயிலில் சற்றே நின்று பாருங்கள். இன்று ஒரு குழந்தையின் குடலை அச்சமின்றித் தைக்கும் கைகளுக்கு, அன்று தீட்டுக்கு அஞ்சாத பண்டிதரின் கையே முன்னோடி.