சிவனொளிபாத மலை

இலங்கை மலைநாட்டில் 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கிறது சிவனொளிபாத மலை. அதன் உச்சிப் பாறையில் அடிச்சுவடு போன்ற பள்ளம் ஒன்று உண்டு. பௌத்தர் அதனைப் புத்தர் பாதம் என்பர். சைவர் சிவபெருமான் பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதமின் பாதம் என்பர். கிறிஸ்தவருள் சிலர் புனித தோமையாருடையது என்பர். நம் மணிமேகலை இம்மலையைச் ‘சமனொளி’ என்று சுட்டுகிறது.

1344ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டு இபின் பதூதா இங்கு வந்தார். அந்த முஸ்லிம் பயணிக்கு வழித்துணை அளித்தவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி! நான்கு யோகியரும் மூன்று அந்தணரும் உடன் சென்றனர். செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதை அவர் தம் பயண நூலில் விரித்துரைக்கிறார்.

வகுப்பில் பல்லாண்டுகள் இவ்வளவோடு நிறுத்திவிட்டேன். அது என் பிழை. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன், மலையின் காவலைப் பிக்குகளிடமிருந்து பறித்துச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் அதனைப் பிக்குகளுக்கே மீட்டளித்தவன் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். அவனோ தென்னாட்டு நாயக்கர் வழியினன்! காவல் கைமாறியபோதும் பிற சமயத்தார் மலையேறுவதை விட்டாரல்லர்.

இன்றும் மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை அடியார்கள் இரவெல்லாம் ஏறுகின்றனர். ஞாயிறு எழும்போது மலையின் நிழல் மேற்கே முக்கோணமாய் நீண்டு விழுகிறது.