உயிர்காப்புப் படகின் விலை

கடலில் கொட்டிய எண்ணெய் அலையோடு வந்து கரை சேர்ந்துவிட்டது. வலை கறுத்துப்போன மீனவரும், விருந்தினர் வராமல் கதவடைத்த கடற்கரை விடுதிக்காரரும் எவரிடம் சென்று நஷ்ட ஈடு கேட்பது? இக்கேள்விக்கு நாடுகள் கூடி ஒரு விடை வகுத்தது 1969ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு வரை சட்டம் என்ன விடை கூறிவந்தது என்பதை அறிந்தால் நமக்கு வியப்பும் உண்டாகும், சற்றுச் சினமும் உண்டாகும். மும்பையிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் துறைமுகங்களை அடுத்து வாழும் நம்மவருக்கு இது வேற்றுநாட்டுக் கதை மட்டுமன்று.

1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் காலையில் ‘டாரி கேன்யன்’ என்னும் பெரிய எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கரைக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையே உள்ள ‘ஏழு கற்கள்’ என்னும் பாறைத் தொகுதியில் மோதிற்று. குவைத்திலிருந்து ஏற்றிவந்த சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெய் அதனுள் இருந்தது. கப்பலை இழுத்து மீட்க முயன்றனர்; முடியவில்லை. கப்பல் உடைந்தது. மிச்சமுள்ள எண்ணெயை எரித்துவிடலாம் என்று கருதிய பிரிட்டிஷ் அரசாங்கம், தன் விமானப் படையையே அனுப்பி அதன்மீது குண்டு வீசச் செய்தது. எண்ணெயைக் கரைக்கவென்று டன் கணக்கில் தெளித்த இரசாயனக் கலவையோ, எண்ணெய் கொன்றதைக் காட்டிலும் அதிகமான கடலுயிர்களைக் கொன்றது என்பது பிற்பாடு தெரியவந்தது. எஞ்சிய எண்ணெய் கால்வாயைக் கடந்து பிரான்சின் பிரிட்டனிக் கரையையும் அடைந்தது.

இனிக் கணக்குக் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது? கப்பலின் கொடி லைபீரியாவினுடையது. சொந்தக்காரக் கம்பெனியின் முகவரி பெர்முடாவில் இருந்தது. அதை நெடுங்கால வாடகைக்கு எடுத்திருந்தது ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி. அந்தக் கம்பெனி, இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கப்பலை விட்டிருந்தது. கப்பலைச் செலுத்திய காப்டன் இத்தாலியர். மோதிய இடமோ எந்த நாட்டுக்கும் உரியதல்லாத பொதுக் கடல். எந்த நாட்டு நீதிமன்றத்தின் படியேறுவது என்பதே முதற் சிக்கலாயிற்று.

இரண்டாவது சிக்கல் இதனினும் பெரிது. கப்பல் வாணிகத்தில் முதல் போடுவோர் அஞ்சி ஒதுங்கிவிடக் கூடாது என்னும் எண்ணத்தால், கப்பல் சொந்தக்காரரின் பொறுப்புக்கு ஓர் எல்லை கட்டும் வழக்கம் பழங்காலத்திலேயே தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் 1734ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்டம் இயற்றினார்கள். அமெரிக்கா 1851இல் இயற்றிய சட்டமோ, விபத்துக்குப் பின் கப்பலில் மிஞ்சியது எதுவோ அதன் மதிப்பே சொந்தக்காரரின் பொறுப்புக்கு எல்லை என்று கூறிற்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கப்பலோடு தம் முதலையும் கடலுக்குப் பறிகொடுத்த வணிகனுக்குக் கருணை காட்டப் பிறந்த விதி அது. ஆனால் இப்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு நியூயார்க் நகரத்து நீதிமன்றத்துக்குச் சென்றவர்கள் எவர்? எண்ணெய்க் கப்பல் தரப்பினர். ‘டாரி கேன்யன்’ கப்பலில் மிஞ்சியது ஒரே ஓர் உயிர்காப்புப் படகு. அதன் மதிப்பு 50 டாலர். ஆகவே தங்கள் பொறுப்பும் 50 டாலரே என்று அவர்கள் வாதிட்டனர். இரண்டு தேசங்களின் கடற்கரைக்கு ஐம்பது டாலர்! சட்டத்தின் எழுத்துப்படி அதில் பிழை காண்பது எளிதன்று என்பதுதான் இதில் வேதனை.

பிரிட்டிஷ் அரசாங்கம் வேறு வழியைத் தேடிற்று. அதே கம்பெனிக்கு ‘லேக் பலூர்டு’ என்ற மற்றொரு கப்பல் இருந்தது. ஒரு கப்பல் செய்த தீங்குக்கு அதன் உடன்பிறந்த கப்பலைப் பிடித்து நிறுத்தலாம் என்பது கடற்சட்டத்தில் உள்ள ஒரு வழி. நெடுநாள் காத்திருந்த பின்னர், 1967 ஜூலையில் அக்கப்பல் சிங்கப்பூரில் சிறிது நேரம் நின்றது. இளம் வழக்கறிஞர் ஒருவர் அதில் ஏறி, நீதிமன்றத்தின் கட்டளையைக் கொடிமரத்தில் ஒட்டிவிட்டார். விஸ்கி விற்க வந்த வியாபாரி என்று எண்ணி மாலுமிகள் அவரை ஏறவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. பின்னாலேயே விரைந்த பிரெஞ்சுத் தரப்பினருக்கு அன்று கப்பல் அகப்படவில்லை. அவர்கள் மறு ஆண்டு ராட்டர்டாம் துறைமுகத்தில் அதைப் பிடித்தார்கள். கப்பல் பிடிபட்டதும் பேச்சின் தொனி மாறிற்று. 1969 நவம்பரில் 30 லட்சம் பவுன் தருவதற்குக் கப்பல் தரப்பினர் உடன்பட்டனர். இரு அரசாங்கங்களும் அத்தொகையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன.

அதே மாதம் 29ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. நம் கேள்விக்கு உரிய விடை அதில்தான் இருக்கிறது. குற்றம் எவருடையது என்று மீனவர் நிரூபிக்க வேண்டியதில்லை. போர் முதலிய சில விலக்குகள் நீங்கலாக, கப்பல் சொந்தக்காரரே பொறுப்பாளி. பொறுப்புக்கு எல்லை உண்டு. ஆனால் அது மிஞ்சிய படகின் விலையைக் கொண்டு அன்று, கப்பலின் டன் கணக்கைக் கொண்டு அமையும். 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பல் இன்ஷ்யூரன்ஸ் சான்று வைத்திருக்க வேண்டும். வழக்கை, தீங்கு நேர்ந்த நாட்டிலேயே தொடுக்கலாம். சிங்கப்பூரில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அவ்வெல்லைக்கு மேலும் நஷ்டம் நேர்ந்தால் ஈடு செய்வதற்கென 1971இல் ஒரு நிதியும் வகுக்கப்பட்டது. கடல் வழியாக எண்ணெயைப் பெருமளவில் தருவித்துக்கொள்ளும் கம்பெனிகளே அந்நிதிக்குப் பணம் கட்டுகின்றன.

விதி பிறந்ததனாலேயே துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1978 மார்ச்சில் ‘அமோகோ காடிஸ்’ என்ற கப்பல் அதே பிரிட்டனிக் கரையில் உடைந்து, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைக் கொட்டிற்று. உடன்படிக்கை வகுத்த எல்லை தங்கள் நஷ்டத்துக்கு எம்மூலைக்கும் போதாது என்று கண்ட பிரிட்டனி ஊராட்சிகள், எண்ணெய்க் கம்பெனியின் சொந்த ஊராகிய சிகாகோவுக்கே சென்று வழக்குத் தொடுத்தன. சிற்றூர்த் தலைவர்கள் கடல் கடந்து சாட்சி சொன்னார்கள். 1984இல் கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று; எவ்வளவு தருவது என்பது முடிவாக 1992 ஆயிற்று. அதற்குள் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2002இல் ஸ்பெயின் நாட்டுக் கரையருகே ‘பிரெஸ்டீஜ்’ உடைந்தபோதோ, கோரிக்கைகள் மிகுந்து நிதி போதாமையால், ஏற்றுக்கொள்ளப்பட்ட நஷ்டத்திலும் முதலில் நூற்றுக்குப் பதினைந்து வீதமே கொடுக்க முடிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மே 25ஆம் நாள், லைபீரியக் கொடி தாங்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிற்று. எரிபொருளும் நூற்றுக்கணக்கான சரக்குப் பெட்டிகளும் கடலுக்குச் சென்றன. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. எண்ணெயையே சரக்காக ஏற்றும் கப்பல்களுக்கென எழுந்த மேற்கூறிய உடன்படிக்கை, இச்சரக்குக் கப்பலுக்குப் பொருந்தாது. கேரள அரசாங்கம் என்ன செய்தது? 1967இல் சிங்கப்பூரில் நடந்ததே இங்கும் நடந்தது. கேரள உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி ஜூலை மாதத்தில் ‘எம்.எஸ்.சி. அகிதெத்தா 2’ என்னும் உடன்பிறந்த கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் பிடித்து நிறுத்தப்பட்டது. அதனை விடுவிக்க 1,227 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு கட்ட வேண்டும் என்று செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வழக்கில் அரசாங்கம் கோரிய தொகை சுமார் 9,531 கோடி ரூபாய். அதில் கடல் மாசுபட்டதற்கு உரியது 8,626 கோடி. தொழில் இழந்த மீனவரின் நஷ்டம் என்று குறிக்கப்பட்டது 526 கோடி.