கேட்டோர் பெயரும் வாசித்தோர் பெயரும்

திரைப்படத்தில் காட்சியின் பின்னே சொல்லின்றி ஒலிக்கும் இசையைப் பின்னணி இசை என்கிறோம். இளைஞர் நாவில் அது பி.ஜி.எம். என வழங்குகிறது. ஒரு காலத்தில் படம் முடிந்து கொட்டகையை விட்டு வெளியேறும்போதே மறந்துபோன இவ்விசை, இன்று படத்தினின்று பிரிந்து தனித்துக் கேட்கப்படுகிறது. "இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று ஒருவர் வினவ, மற்றவர் தம் கைப்பேசியிலுள்ள துணுக்கை அனுப்பி, இன்ன படம், இன்ன காட்சி, இன்ன கருவி என்று விளக்குகிறார். இது சென்னை மாநகரிலும் நடக்கிறது. உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற சிற்றூரிலும் நடக்கிறது.

இதனை வீண்பொழுது என்று ஒதுக்குவோர் நம்மில் பலர். ஒதுக்குமுன் இதன் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நன்று. கேட்டதைப் பிறர்க்கு எடுத்துரைப்பது புதிய வழக்கமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அவ்வழக்கத்தில் நம் முன்னோர் கட்டிக்காத்த ஓர் ஒழுங்கு இன்று கைநழுவிக்கொண்டிருக்கிறது என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுவது.

பக்தாதில் கி.பி. 786 முதல் 809 வரை ஆட்சி செலுத்திய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், தம் அவைப் பாடகர்களிடம் அதுவரை பாடப்பெற்றவற்றுள் சிறந்த நூறு பாடல்களைத் தேர்ந்து தருமாறு பணித்தார். இப்ராஹீம் அல்மவ்ஸிலீ முதலானோர் தேர்ந்தனர். பின்னர் அந்நூற்றிலிருந்து பத்தும், பத்திலிருந்து மூன்றும் தேரப்பட்டன என்பர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ (கி.பி. 897-967) அந்த நூறு பாடல்களையே தொடக்கமாகக் கொண்டு 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூலை ஆக்கினார். ஒவ்வொரு பாடலுக்கும் அதனை யாத்த கவிஞர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார், எந்தத் தாளம், ஊத் என்னும் யாழின் எந்த நரம்பில் எந்த விரல் என்றெல்லாம் குறித்து வைத்தார். எனினும் இசையை அப்படியே மீட்டெழுப்புதற்குரிய குறிமுறை அந்நூலில் இல்லாமையால், அப்பாடல்களின் ஓசை காற்றோடு கலந்துவிட்டது. பெயர்களும் வரலாறுகளுமே நமக்கு எஞ்சின. ஓசை அழிந்தும் ஓசைக்குரியோர் அழியவில்லை. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

இனி, கேட்டோர் பக்கம் வருவோம். 'ஸமாஉ' என்னும் அரபுச் சொல்லுக்குச் செவியுறுதல் என்பது பொருள். இச்சொல் இசை கேட்டலையும் குறிக்கும். ஹதீஸ் கலையில், ஆசிரியர் வாய்மொழியை மாணவர் நேரிற் கேட்டுப் பெறுதலையும் குறிக்கும். இரண்டும் தகுதியால் ஒன்றாகா. வானும் மண்ணும் போன்றவை. நாம் நோக்குவது கேட்போரிடம் இருந்த ஒழுங்கை மட்டுமே. ஒரு நூல் அவையில் படிக்கப்பட்டு முடிந்ததும், அந்நூற்சுவடியிலேயே கேட்டோர் பட்டியல் ஒன்றை எழுதும் மரபு இருந்தது. படித்தவர் யார், எவர் முன்னிலையில், எந்த ஊரில், எந்த நாளில், கேட்டோர் யாவர் என்பன அதில் இடம்பெறும். ஹிஜ்ரி ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் திமிஷ்கு நகரில் எழுதப்பட்ட இத்தகைய பட்டியல்கள் ஏராளமாக இன்றும் உள்ளன. அவற்றில் ஆலிம்கள் மட்டுமல்லர். கைத்தொழிலாளரும் பெண்டிரும் சிறாரும் பெயர் பெற்றிருக்கின்றனர். கேட்டவர் பெயரும் கேள்வியின் ஒரு பகுதி என்பதே அம்மரபின் உட்கருத்து.

அவையில் பெயரை உரக்கச் சொல்லுதல் நம் தமிழ் மண்ணுக்கும் அயலன்று. சாலவாக்கம் அடங்கிய வட்டத்தின் தலைமையூராகிய உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி, அதிலுள்ள பெயரை அவையறிய வாசிப்பான். அங்கிருக்கும் நம்பிமாரும் அதனை வாசிப்பர். ஒளிவு மறைவுக்கு இடமில்லாதவாறு பெயர் பலர் செவியில் விழவேண்டும் என்பது அக்கால நெறி.

இக்கால வானொலியும், தான் அறியாமலே, இந்நெறியைத்தான் கைக்கொண்டது. 1952இல் நடுவண் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கினார். செவிகளோ கடல் கடந்தன. 1950இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி, இந்தியத் திரையிசையின் புகலிடமாயிற்று. 1952 டிசம்பர் 3ஆம் நாள் அமீன் சயானி அவ்வானொலியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சிக்கு இந்தி நாடெங்கிலுமிருந்து மடல்கள் குவிந்தன. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் அப்பிரகம் தோண்டும் சிற்றூராகிய ஜும்ரி தலையா, பாட்டு கேட்டு எழுதிய அஞ்சலட்டைகளாலேயே நாடறிந்த ஊராயிற்று. இந்திய அரசும் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதியைத் தொடங்கித் திரையிசைக்கு மீண்டும் கதவு திறந்தது.

தமிழுலகில் இலங்கை வானொலி பெற்ற இடத்தை விரிக்கின் பெருகும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல் தமிழகத்துச் சிற்றூர்களில் உறவினர் குரல்போல் அறியப்பட்டது. 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சியில் பாட்டுக்குமுன் கேட்டோர் பட்டியல் ஒன்று வரும்: ஊர்ப்பெயர், வீட்டார் பெயர், நண்பர் பெயர். தம் ஊர்ப்பெயர் கடலுக்கு அப்பாலிருந்து ஒலிப்பதைச் செவிமடுக்கவே பஞ்சாயத்து வானொலியின் முன்னும் தேநீர்க் கடையிலும் மக்கள் காத்திருந்தனர். பாட்டு மூன்று நிமிடம். அதற்குமுன் வந்த பெயர்கள் ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டன. இஃது ஓர் எளிய மக்களின் ஸமாஉப் பட்டியல் எனில் மிகையாகாது.

ஆனால் அஞ்சலட்டையில் கேட்கப்பட்டவை பாடல்களே. பின்னணி இசைக்கு அந்நாளில் பெயருமில்லை, முகவரியுமில்லை. அதனை முதன்முதலில் நம் சிற்றூர்ச் செவிகளுக்குத் தனித்து உணர்த்தியது வானொலியின் ஒலிச்சித்திரம் என்பது நம் துணிபு. முழுப் படத்தின் ஒலியையும் சுருக்கி ஒலிபரப்புவர். காட்சி கண்ணுக்கு இல்லாதபோது, கதவு திறப்பதையும் மழை வருவதையும் தாயின் கலக்கத்தையும் இசையே காட்டவேண்டியதாயிற்று. தத்துவஞானி அல்ஃபாராபீ (ஹிஜ்ரி 339) தம் 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' என்னும் நூலில் இசையை மூவகைப்படுத்துகிறார்: இன்பம் தருவது, மனத்தில் உருவங்களை எழுப்புவது, உள்ளக் கிளர்ச்சியை உண்டாக்குவது. இவற்றுள் இரண்டாவதற்கு ஒலிச்சித்திரத்தினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இக்கலையில் உழைத்தோர் சிலரை இங்குக் குறித்தல் தகும். லக்னோவில் பிறந்த நவ்ஷாத் (1919-2006) இந்தித் திரையில் பெருங்குழு இசைக்கு வழிவகுத்தோருள் முதன்மையானவர். அவரிடம் துணைவராய் இருந்தவர் குலாம் முஹம்மத். 'பாகீஸா' படத்தின் பாடல்களை அமைத்த குலாம் முஹம்மத், படம் வெளிவருமுன்னரே 1968இல் மறைந்தார். எஞ்சிய பின்னணி இசையை நவ்ஷாதே ஏற்று முடித்தார். படம் 1972இல் வந்தது. மறைந்த நண்பரின் பணியை அமானிதமாக ஏற்று நிறைவேற்றிய இச்செயல், அப்படத்தின் புகழில் பேசப்படாத ஒரு பகுதி. தமிழில் 1976இல் 'அன்னக்கிளி' வழியே வந்த இளையராஜா, படச்சுருளைப் பார்த்துப் பின்னணி இசையை ஒவ்வொரு கருவிக்கும் தாளில் எழுதித் தரும் முறையால் அதனைத் தனிக்கலையாக உயர்த்தினார். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டன் மாநகரில் அவருடைய 'வேலியன்ட்' சிம்ஃபொனி அரங்கேறியதை யாவரும் அறிவர். 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய திரைப்பட விருதுகளில் பாடலிசைக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியே விருது வழங்கப்பட்டது. பின்னணி இசைக்கான அவ்விருது 'பழசிராஜா' மலையாளப் படத்திற்காக அவருக்கே கிட்டியது.

அரசு அங்கீகரிக்குமுன்பே கேட்போர் அங்கீகரித்துவிட்டனர். பாடல்கள் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் விற்கப்பட்டன. பின்னணி இசையோ பெரும்பாலும் வெளியிடப்படவே இல்லை. ஆர்வலர்கள் படத்தின் ஒலியிலிருந்து உரையாடல் இல்லாத இடங்களைத் தாமே பிரித்தெடுத்து, தூய்மைப்படுத்தி, வரிசைப்படுத்தி, ஒருவருக்கொருவர் கொடுத்தனர். நிறுவனங்கள் செய்யாததை நேயர்கள் செய்தனர். முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை என்பதை எண்ணுவோர்க்கு இப்பணியின் அருமை விளங்கும்.

இங்கு ஒரு கேள்வி எழும். இசை கேட்டலே கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டே? உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் ஃபகீஹ்களுள் பெரும்பாலோர் நரம்புக் கருவிகளையும் குழற்கருவிகளையும் விலக்கினர். ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (ஹிஜ்ரி 456) விலக்குக்குக் காட்டப்பட்ட ஆதாரங்கள் வலுவற்றவை என்று வாதிட்டார். இப்னுல் ஜவ்ஸீ (ஹிஜ்ரி 597) 'தல்பீஸ் இப்லீஸ்' என்னும் நூலில் இசையவைகளைக் கடுமையாகக் கண்டித்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 505) 'இஹ்யாவு உலூமித்தீன்' என்னும் பெருநூலின் நாற்பது பகுதிகளுள் பதினெட்டாவதை இதற்கே ஒதுக்கி, இனிய ஓசை என்பதற்காகவே ஒன்று விலக்கப்பட்டதாகாது என்றும், குடியர் அவைக்குரிய கருவிகள் விலக்குக்குரியன என்றும், கேட்பவரின் உள்ளநிலையே பெரிதும் கருதத்தக்கது என்றும் வகுத்துரைத்தார்கள். தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் வேலையன்று. அவரவர் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் தெளிக.

ஆயினும் அதே பகுதியில் இமாம் அவர்கள் ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்களின் கருத்தொன்றை எடுத்தாண்டு விளக்குகிறார்கள். செவியுறுதலுக்குக் காலமும் இடமும் தோழரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் கேளாதிருத்தலே நன்று என்பது அதன் சாரம். தொழுகை நேரத்தில் கேட்பதும், வழிப்போக்கர் நெருங்கும் தெருவில் கேட்பதும், உடனிருப்போர் உள்ளம் ஒவ்வாதபோது கேட்பதும் தகாது. காதுக்குள் செருகிய கருவியோடு சாலையைக் கடப்போரையும், பேருந்தில் அயலார் செவியில் தம் விருப்பத்தைத் திணிப்போரையும் நாளும் காண்கிறோம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒழுங்கு இன்றைக்கும் எத்துணைப் பொருத்தமாயிருக்கிறது!

இனி, கைநழுவுகிறது என்று தொடக்கத்தில் கூறியது யாதெனக் காண்போம். அபுல் ஃபரஜின் நூலில் பெயர்கள் நின்றன, ஓசை மறைந்தது. நம் காலத்திலோ ஓசை நிற்கிறது, பெயர்கள் மறைகின்றன. ஒரு காட்சியில் நெஞ்சை உருக்கும் புல்லாங்குழலை இலட்சம் பேர் கேட்கின்றனர். ஊதியவர் யார் என்று வினவின் விடை சொல்வோர் சிலரே. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் வயலின் வி.எஸ். நரசிம்மனுடையது. பாடகர் அருண்மொழி என்று நாம் அறிந்தவரே நெப்போலியன் என்னும் பெயருடைய புல்லாங்குழல் கலைஞர். இத்தகைய செய்திகளைத் தேடித் தொகுத்தோர் பெரும்பாலும் நேயர்களே. பழைய படங்களின் பெயர்த்தட்டில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். பாடியோர் பெயர் இருக்கும். வாசித்தோர் பெயருக்கு இடமிருந்ததில்லை. 1992இல் 'ரோஜா' வழியே வந்த ஏ.ஆர். ரஹ்மான், ஒலிநாடா உறைகளில் கருவியிசைஞர் பெயரையும் அச்சிடுவித்தார். 2009இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் பின்னணி இசைக்கு ஆஸ்கர் பெற்ற அரங்கிலும், அவர் எல்லாப் புகழும் இறைவனுக்கே எனத் தமிழில் மொழிந்தார். புகழை உரியவனிடம் சேர்ப்பதும், உழைப்பை உரியோர் பெயரில் எழுதுவதும் ஒரே நேர்மையின் இரு கிளைகள்.

இன்று உறையுமில்லை, தட்டுமில்லை. துணுக்கு ஒன்று கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பறக்கிறது. வாசித்தவர் பெயரும் அனுப்பியவர் பெயரும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. இஸ்னாத் என்னும் சங்கிலியைக் கண்போல் காத்த சமுதாயத்துப் பிள்ளைகள், எவரிடமிருந்து வந்தது என்று கேளாமலே எதனையும் ஏற்றுப் பரப்பப் பழகிவிட்டால், அப்பழக்கம் இசையோடு நிற்குமா? செய்தியில் நுழையும், மார்க்கத்தின் பெயரால் வரும் கூற்றுகளிலும் நுழையும், நுழைந்தும்விட்டது. ஆதாரமற்ற கூற்றொன்று காலையில் புறப்பட்டு மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றி வருவதைக் காணாதார் யார்?

ஆதலின், கேட்காதே என்று சொல்வோரும் கேள் என்று சொல்வோரும் உடன்படத்தக்க ஒன்றுண்டு. கேட்டதைப் பிறர்க்குத் தருவோர், இசைத்தவர் யார், வாசித்தவர் யார், எந்தப் படம், எந்த ஆண்டு, யார்வழி நம்மிடம் வந்தது என்னும் ஐந்தையும் சேர்த்துத் தருக. திமிஷ்கு நகரத்து எழுத்தர் ஒரு சிறுவனின் பெயரையும் விடாது எழுதினார்; இலங்கை வானொலி அறிவிப்பாளர் ஓர் அஞ்சலட்டையின் கடைசிப் பெயரையும் வாசித்தார். கைப்பேசியில் ஒரு வரி எழுதுவது அவ்விரண்டினும் எளிது. செவியும் விசாரிக்கப்படும் என்று நம்புகிற நமக்கு, செவி பெற்றதற்குக் கணக்கு வைப்பது கடமையுமாகும்.

உண்மையை நன்கறிந்தவன் அல்லாஹ்.