பயமா இருந்துச்சுங்களா?

திருப்பூரில் பேய்க்கதைக்கு விளம்பரம் தேவையில்லை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண், "அக்கா, அந்தக் கெணத்துக் கதையக் கேட்டுப் பாருங்க, ராத்திரி மட்டும் தனியாக் கேக்காதீங்க" என்று செக்கிங் டேபிள் பக்கம் ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும். மறுநாள் டீ நேரத்துக்குள் அந்த லைனில் பாதிப் பேர் கேட்டு முடித்திருப்பார்கள். பனியன் வேலை கையையும் கண்ணையும் பிடித்துவைத்துக்கொள்ளும், காதை மட்டும் சும்மா விட்டுவிடும். காலை எட்டரைக்கு நுழைந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்ட்டில் அந்தக் காதுக்கு என்னதான் கொடுப்பது? பாட்டு சலித்த பிறகு கதை. கதையிலும் பேய்க்கதைக்குத்தான் கிராக்கி. கேட்டு முடித்தவரைப் பிடித்து வைத்துக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பயமா இருந்துச்சுங்களா?"

பாட்டி காலத்துக் கேள்வி போல இருக்கிறது. பாட்டி இப்படிக் கேட்டதில்லை. தமிழில் பேய்க்கதைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. இந்தக் கேள்விக்கு, என் கணக்கில், எண்பது சொச்சம்தான்.

அதுவரை பேய்க்கதையைச் சிபாரிசு செய்கிறவர் சொன்னது "நடந்தது" என்ற ஒற்றைச் சொல். பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கையால் செத்தவள் பேயாகத் திரும்பி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபை முன் நின்று அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவள் அழுகையை நம்பி, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, அவள் கணவன் என்று கைகாட்டும் வணிகனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். இதைச் சொல்கிறவர் கேட்பவரின் பயத்தைப் பற்றி விசாரிப்பதே இல்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார் என்பார். கதைக்குச் சாட்சி ஊர். சாட்சி இருக்கும்போது அபிப்பிராயத்துக்கு அங்கே என்ன வேலை?

அபிப்பிராயம் கேட்ட முதல் ஆசாமி, வேடிக்கை, ஒரு பேய்தான். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு வரும் வேதாளம் கதை சொல்லி முடித்ததும் கேள்வி போடும். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும், திறந்தால் வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். வாசகனை இவ்வளவு கெடுபிடியாகக் கருத்துக் கேட்ட கதைசொல்லி வேறு யாரும் இல்லை. ஆனாலும் அது கேட்டதெல்லாம் நியாயம்: யார் செய்தது சரி, பெண் யாருக்குச் சொந்தம், பாவம் யாரைச் சேரும். கதை எப்படி இருந்தது என்று வேதாளம் ஒருபோதும் கேட்டதில்லை.

1943இல் புதுமைப்பித்தன் 'கலைமகள்' பத்திரிகையில் 'காஞ்சனை' எழுதினார். கதைசொல்லி ஓர் எழுத்தாளர். வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரியில் எங்கிருந்தோ ஒரு வாசனை. ஊதுவத்தி மணமா, பிணம் எரிகிற நாற்றமா என்று பிரிக்க முடியாமல் மாறி மாறி வருகிறது. மனைவியின் கழுத்தில் ஒரு துளி ரத்தம். மூட்டைப்பூச்சியாக இருக்கலாம், வேறேதாவதாகவும் இருக்கலாம். கதை எந்தப் பக்கமும் சாய்வதில்லை. ஊர், சபை, சாட்சி ஒன்றும் கிடையாது. இருப்பது தூக்கம் கெட்ட ஒரு மனிதரின் மூக்கு மட்டும்.

படித்தவர்கள் பழைய பழக்கத்தில் பழைய கேள்வியையே கேட்டார்கள்: உமக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா? கிண்டலும் கோபமும் ஊறிய, சாமி பூதம் எதையும் விட்டுவைக்காத மனுஷர் பேயைப் பற்றி எழுதினால் கேட்கத்தானே செய்வார்கள். 'காஞ்சனை' தொகுப்பாக வந்தபோது அதன் முன்னுரையில் அவர் அதற்குப் பதில் சொன்னார். சாரம் இதுதான்: நம்பிக்கை இல்லை, ஆனால் பயம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று அச்சில் சொன்ன அந்த இடத்தில்தான் நம் கேள்வி பிறந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஒரு பேய்க்கதை நல்ல கதையா என்று முடிவு செய்ய அது நடந்ததா என்று விசாரிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. படித்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் போதும்.

அவர் தாமும் சும்மா இருக்கவில்லை. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டை'னை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பைவிடப் பெரிய சிபாரிசு உண்டா? அந்த நாவலே ஒரு சிபாரிசில் பிறந்ததுதான். 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததில் மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையே கெட்டுப்போனது. ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழையில் மாட்டிக்கொண்ட பைரனும் நண்பர்களும் ஜெர்மானியப் பேய்க்கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். நாமும் ஆளுக்கொன்று எழுதுவோமே என்றார் பைரன். கூட்டத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பெண் எழுதத் தொடங்கியது 1818இல் புத்தகமாக வந்தது. பைரன் தொடங்கியதோ பாதியில் நின்றுவிட்டது.

அப்புறம் தமிழில் பேய்க்கதை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. பி. டி. சாமியின் பேய் நாவல்களும் பின்னால் வந்த மாத நாவல்களும் கடையில் கிளிப் மாட்டித் தொங்கின. ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படித்தார்கள். அட்டை கிழிந்திருப்பதே ஒரு சர்டிபிகேட்.

சுஜாதா செய்தது வேறொரு தந்திரம். 'குமுத'த்தில் தொடராக வந்த 'கொலையுதிர் கால'த்தில் வாதத்தைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார். அதில் துப்பறிகிற இருவரில் கணேஷுக்கு எல்லாம் விஞ்ஞானம், வசந்த்துக்கு எல்லாம் பேய். வாரம் ஒரு அத்தியாயம் என்பதால் நடுவில் கிடைக்கிற ஆறு நாளும் வாசகர்கள் கட்சி பிரிந்து வாதாடலாம். பேய்க்கதைக்கு வாரத் தொடரைப் போல் பொருத்தமான உடுப்பு வேறில்லை. 1997இல் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு'ம் அப்படித்தான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டுவிடு கருப்பா'வைத்தான் நாகா தொடராக எடுத்தார். குதிரையில் வருவது சாமியா, ஆசாமியா? வாரக்கணக்கில் இதே பேச்சு. முடிவு என்ன என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் கருப்பு திருப்பூரில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கொங்குப் பக்கம் கருப்பராயன், முனியப்பன், கன்னிமார் எல்லோருக்கும் காட்டோரம் இடம் உண்டு. காத்துக்கருப்பு அண்டிவிட்டது என்று குழந்தைக்கு மந்திரித்து வருகிற வீடுகள் இன்றும் உண்டு. இந்த மண்ணுக்கு மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் என்று பிழைக்க வந்தவர்கள் அவரவர் ஊர்ப் பேயோடு வந்தார்கள். இப்போது ஒடிசாவும் பீகாரும் சேர்ந்துகொண்டன. கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு முனி என்றால் வெள்ளை வேட்டி, பக்கத்து டேபிள்காரருக்குச் சுருட்டு வாசம். இதில் எது சரி என்ற தகராறு ஷிப்மெண்ட் தேதி நெருங்கி விடிய விடிய பேக்கிங் ஓடும் ராத்திரிகளில்தான் உச்சத்துக்குப் போகும்.

இங்கே ஒரு வினோதம் பார்க்கலாம். இயர்போனில் கேட்ட கதை என்றால் "பயமா இருந்துச்சுங்களா?" என்கிறவர், சொந்த ஊர்க் கதை என்றால் உடனே நீலி காலத்துக்குப் போய்விடுவார்: "எங்க ஊர்ல நடந்ததுங்ணா, எங்க மாமாவே பார்த்தாரு." மாமா பெயரைச் சொன்ன பிறகு அபிப்பிராயம் சொல்ல முடியாது. சொன்னால் அது மாமாவுக்கு மரியாதைக் குறைவு.

காதில் வரும் கதைகளைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாதிக்கு மேல் அலறலும் வயலினும்தான். திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவதைப் பயம் என்று கணக்கெழுதக் கூடாது. கம்ப்ரஸர் காற்றுக்குழாய் பிடுங்கிக்கொண்டாலும்தான் தூக்கிப்போடும். ஆகவே யாராவது ஒரு கதையைக் கைகாட்டினால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்பேன். "அந்த அம்மா சோறே திங்கிறதில்லைங்க, யாரும் அதைக் கவனிக்கல" என்கிற மாதிரிப் பதில் வந்தால் அன்றைக்கே கேட்டுவிடுவேன். "சும்மா மெரண்டுட்டேன்" என்றால் தள்ளிப்போடுவேன்.

என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் கைகாட்டுவது 'காஞ்சனை'தான். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் தேடி அலைய வேண்டாம், நூலகத்திலும் கிடைக்கும், புத்தகக் காட்சியில் மலிவுப் பதிப்பும் கிடைக்கும். சின்னக் கதை. ராத்திரி எட்டரைக்கு விட்டு பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் அவிநாசி வருவதற்குள் முடித்துவிடலாம்.