கதியாலும் உறுதியும்: யாழ்ப்பாணத்து வேலி வழக்குகளின் வரலாறு

யாழ்ப்பாணத்தில் வளவுக் காணியைப் பரப்பில் கணக்கிடுவார்கள். 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படிப் பார்த்தால் ஒரு குழி ஏறக்குறைய 151 சதுர அடி. 150 அடி நீளமான எல்லை வேலி ஒன்று பக்கத்து வளவுக்குள் ஓரடி அரக்கப்பட்டால், கிட்டத்தட்ட ஒரு குழி நிலம் கைமாறிவிடும். அதற்கு நொத்தாரிசும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. நான்கு பரப்பு வளவு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இருப்பதே 72 குழி. அதில் ஒன்று போவதென்றால் என்னவென்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

வேலிச் சண்டையை யாழ்ப்பாணத்தாரின் பிறவிக்குணமாகப் பேசுவது வெளியாருக்கும் நமக்கும் பழகிப்போய்விட்டது. ஒரு முழ நிலத்துக்காக அப்புக்காத்துமாருக்குக் காணியையே எழுதிக் கொடுத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றைக் குணத்தின் கதைகளாகக் கேட்டுக் கேட்டு, சட்டத்தின் கதைகளாக அவற்றைப் பார்க்கத் தவறிவிட்டோம். உயிருள்ள செடியாக நின்ற வேலி, நீதிமன்றத்தில் காட்டும் அத்தாட்சியாக மாறிய வழியைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை. அந்த மாற்றம் நடந்தது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்.

முதலில் வேலியைப் பார்ப்போம். தமிழில் வேலி என்ற சொல்லுக்கு அடைப்பு என்றும் பொருள், நில அளவு என்றும் பொருள். தஞ்சைப் பக்கத்தில் 20 மா ஒரு வேலி. ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். அடைப்பின் பெயரே அடைபட்ட நிலத்துக்கும் ஆகிவந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேலி அளவுப் பெயராக வழங்கவில்லை. ஆனால் வளவு எதுவரை என்பதற்கு வேலியே விடையாக இருந்தது.

அந்த வேலியின் எலும்பு கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதநாராயணி, பின்னாளில் வந்த சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை மாரி தொடங்கும்போது நடுவார்கள். ஈரம் கண்டதும் தடி வேர்விட்டுத் துளிர்க்கும். குறுக்கே வரிச்சு கட்டி, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்தால் வேலி மறைப்பாகும். ஓலை உக்கும்போது மாற்றுவார்கள். உக்கிய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். கதியாலின் குழை ஆட்டுக்குத் தீனி. பூவரசங் குழையை வெட்டிப் புகையிலைத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். முற்றிய கொப்பு அடுப்புக்கு விறகு. ஆகவே வேலி வெறும் எல்லைக் கோடாக இருக்கவில்லை. ஆண்டு முழுவதும் பலன் தரும் சொத்தாகவும் இருந்தது. "வேலி ஆருடையது?" என்ற கேள்விக்குள் "குழையை ஆர் வெட்டுவது, ஓலைக்கு ஆர் காசு கொடுப்பது?" என்ற இரண்டு கேள்விகள் ஒளிந்திருந்தன. முதலாவதில் உரிமை, இரண்டாவதில் கடமை. பெரும்பாலான ஊர்களில் இந்தப் பக்கம் எங்கட வேலி, அந்தப் பக்கம் அவையின்ர வேலி என்று பிரித்துக்கொண்டு, தன் பக்கத்தைத் தானே அடைத்து, குழையைத் தானே எடுத்தார்கள். எழுத்தில் இல்லாத ஏற்பாடு இது; இரு வீட்டுப் பெரியவர்களின் நினைவுதான் அதற்குப் பதிவேடு.

வேலி எப்படி அரங்குகிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். களவாக இரவில் பிடுங்கி நடுவதால் மட்டும் அது நடப்பதில்லை. பழைய வேலியைப் புதுப்பிக்கும்போது இரண்டு மூலையிலும் நிற்கும் முதிர்ந்த பூவரசுகளில் கயிறு கட்டி இழுப்பார்கள். அந்தக் கயிற்றோரமாக அலவாங்கால் குழி போட்டுக் கதியாலை இறக்குவார்கள். ஓரடிக் குறுக்களவுள்ள அடிமரத்தில் கயிற்றை எங்கே பிடிப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நடுமையத்துக்கு நேராகப் பிடித்தால் எல்லை நின்ற இடத்தில் நிற்கும். மரத்தின் வெளிப்பக்கமாகப் பிடித்தால் அரையடி போய்விடும். பிடிப்பவர் வஞ்சகராக இருக்க வேண்டியதில்லை. மரம் இருபுறமும் பருத்துக்கொண்டே போகிறது. நாட்டிய நாளில் கைப்பிடி மொத்தமாக இருந்த தடியின் மையம் எதுவென்று 30 ஆண்டு கழித்து யாராலும் காட்ட முடியாது. உயிர்வேலி தானாகவே ஐயத்தை வளர்க்கும் வேலி. அதனால்தான் கயிறு பிடிக்கும் நாளில் பக்கத்து வளவுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துவது முறையாக இருந்தது. கூப்பிடாமல் கயிறு பிடித்தார் என்பதே பல பகைகளின் முதல் வரி.

அந்தப் பக்கத்து வளவுக்காரர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் அந்நியர் அல்ல. பெண்பிள்ளைக்குக் காணி சீதனமாகப் போவது யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின் அடிப்படை. பேரன் காலத்தில் ஒன்றாக இருந்த வளவு அக்காவுக்கு ஒரு துண்டு, தங்கைக்கு ஒரு துண்டு என்று பிரிகிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் பிரிகிறது. வேலியின் இரு பக்கமும் நிற்பவர்கள் சகோதரிகள், பெறாமக்கள், மச்சாள்மார். வேலி வழக்கு என்பது பெரும்பாலும் முடியாமல் போன பாகப்பிரிவினையின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன். சண்டை வந்தால் நன்மை தீமைக்குப் போவது நிற்கும். வேலியில் இருந்த பொட்டு அடைபடும். குழந்தைகள் ஓடிவரும், கறி கைமாறும் அந்தச் சிறு இடைவெளி அடைபட்டால், இரு வீட்டுக்கும் இடையில் பேச்சில்லை என்பதை ஊர் அறிந்துகொள்ளும்.

எழுதப்பட்ட சட்டம் இந்த உலகத்துக்குள் ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. ஆளுநர் சிமோன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் இசாக்ஸ் இங்குள்ள வழமைகளைத் தேசவழமையாகத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். தமிழ் முதலிமார் 12 பேர் அதைப் பார்த்து ஏற்றார்கள். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். அயலாருக்குத் தேசவழமை தந்த இடம் குறிப்பிடத்தக்கது. காணி விற்க நினைப்பவர் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அடுத்த காணியை உடையவராய் அக்காணியை ஈடாகப் பிடித்திருக்கும் அயலவருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்களுக்கே வாங்கும் முன்னுரிமை. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. வேலிக்கு அப்பால் யார் வந்து குடியிருப்பார் என்பதில் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு சொல் உண்டு என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் வந்தபோது அயலவர் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார். கூட்டு உடைமையாளரும் வழியுரிமையாளரும் மட்டுமே எஞ்சினர். அயல் என்ற உறவு சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை.

ஆனால் வேலியின் தலையெழுத்தை மாற்றியது வேறொரு விதி. ரோமன்-டச்சுச் சட்டத்தில் நீண்டகால ஆட்சியால் காணியுரிமை பெற ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 ஆண்டுக்கு மேல், கழிய வேண்டும். பிரித்தானியரின் 1822ஆம் ஆண்டு 13ஆம் இலக்க ஒழுங்குவிதி அதைப் பத்து ஆண்டாகச் சுருக்கியது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். இடையூறின்றி, பிறருரிமைக்கு எதிராகப் பத்து ஆண்டு ஆண்டால் காணி ஆண்டவருக்கு. காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதி கட்டாயம் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் ஒரு பக்கம் சொல்ல, உறுதியே இல்லாமல் பத்து ஆண்டில் உரிமை வரும் என்று மற்றச் சட்டம் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது வேலி. ஆண்டதற்குக் கண்ணுக்குத் தெரியும் அத்தாட்சி அதுவே.

33 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. தகப்பன் விட்டதை மகன் கேட்க அவகாசம் உண்டு. பத்து ஆண்டு அப்படியல்ல. மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனவர் லீவில் திரும்புவதற்குள் கழிந்துவிடும். ஓரடி அரங்கிய வேலியைக் கண்டும் சும்மா இருப்பது அதுவரை பெருந்தன்மை. இனி அது உரிமையை இழப்பதற்கான வழி. "இப்ப கேளாமல் விட்டால் பிறகு கேட்க ஏலாது" என்ற பதற்றம் நம்மவர் குணத்தில் முளைத்ததன்று. சட்டம் வைத்த கெடுவிலிருந்து வந்தது.

பிரிபடாத காணியில் சிக்கல் இன்னும் ஆழம். உறுதியில் மூன்றில் ஒரு பங்கு என்றிருக்கும். நிலத்தில் ஒரு வேலி நிற்கும். 1911இல் கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில், ஒரு பங்காளியின் ஆட்சி மற்றப் பங்காளிகளின் ஆட்சியே என்றும், அவர்களை வெளியேற்றியதற்கு நிகரான செயல் இல்லாமல் தனியுரிமை வராது என்றும் தீர்த்தது. 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், மிக நீண்ட தனியாட்சியிலிருந்து அந்த வெளியேற்றத்தை ஊகிக்கலாம் என்று உயர் நீதிமன்றம் கதவைச் சற்றுத் திறந்தது. இந்த இரு தீர்ப்புகளுக்கும் இடையிலேதான் வேலி வழக்குகள் நூறாண்டாக ஊசலாடுகின்றன. அக்காவும் தங்கையும் வசதிக்காகக் கட்டிய வேலியா, உரிமைக்காகக் கட்டிய வேலியா? கட்டியவர்கள் இறந்தபின் அந்தக் கேள்விக்குக் கதியாலால் பதில் சொல்ல முடியாது.

இறுதி வழி பிரிவினை வழக்கு. 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், பின்னர் 1951ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அதன் இறுதித் தீர்ப்பு வழக்காளிகளை மட்டுமன்றி உலகையே கட்டும். அதனால் ஒவ்வொரு பங்காளியையும் தேடி அழைக்க வேண்டும். நில அளவையாளர் வர வேண்டும். இடையில் ஒருவர் இறந்தால் அவர் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். வழக்குப் போட்டவரின் பேரப்பிள்ளை தீர்ப்புக் கேட்பது இதனால்தான். எல்லை அழிந்துபோனால் அதைத் திரும்ப வரைந்து தரக் கேட்கும் எல்லை நிர்ணய வழக்கு இதைவிட எளிது. ஆனால் முன்பு ஓர் எல்லை இருந்தது என்பது நிறுவப்பட்டாலொழிய அது பயன் தராது. கைகலப்பு வரும் என்ற நிலையில் பொலிஸ் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் ஆரம்ப நீதிமன்றத்துக்கு அறிக்கையிடும். அங்கே கேட்கப்படுவது காணி யாருடையது என்பதன்று. யார் ஆட்சியில் இருந்தார், கடந்த இரண்டு மாதத்துக்குள் யார் வெளியேற்றப்பட்டார் என்பது மட்டுமே. ஓர் இரவில் வேலி போட்டால் காலையில் பொலிசுக்கு ஓட வேண்டியிருப்பதன் காரணம் அந்த இரண்டு மாதம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த இணக்கசபைகள் செய்யும் வேலையே பழைய முறைக்கு மிக அருகில் இருக்கிறது. இருவரையும் ஒரே கயிற்றின் இரு நுனியைப் பிடிக்கவைப்பது அது.

பிறகு போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே வெளிக்கிட்டது. உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் வீடுகளோடு வேலிகளும் போயின. ஆண்டுதோறும் கை பட்டால்தான் கிடுகு வேலி வேலி. ஆளில்லாத வளவில் கதியால் காடாகும். காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்கள் கிணற்றையும் அத்திவாரத்தையும் வைத்தே தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள். இந்த இடத்தில் சட்டம் ஒரு நியாயம் செய்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், போர்ச் சூழலால் நீதிமன்றம் போக இயலாதவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. பத்து ஆண்டு விதி எவ்வளவு கொடியதாகும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது.

இன்று கதியாலின் இடத்தில் மதில் எழுகிறது. அரை அடி அகல மதிலுக்கு அத்திவாரம் அதைவிட அகலம். அது யார் நிலத்தில் என்பதில் இப்போதைய சண்டைகள் தொடங்குகின்றன. ஒரு பக்கத்து உரிமையாளர் ரொறன்ரோவில் இருப்பார். அவருக்காக அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவர் வந்து நிற்பார். பூவரசின் மையம் எங்கே என்று சொல்லத் தெரிந்த கிழவியிடம் யாரும் கேட்பதில்லை. மரம் அசைந்தால் திரும்ப நடலாம். சீமெந்து தவறான இடத்தில் இறுகினால் அதை உடைக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

மதில் கட்ட எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் பழைய வேலி நிற்கும்போதே நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். இரு வீட்டு மூத்தவர்களையும் நிறுத்தி, ஒவ்வொரு மூலை மரத்தையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, வரைபடத்தில் குறித்து, இரு பகுதியும் கையொப்பமிடுங்கள். அக்காவும் தங்கையும் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.