இங்கிலாந்துக் கால்பந்து: வணிகமயமும் ரசிகர்களும்

இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுப்பது 1885இல் அனுமதிக்கப்பட்டது. லீக் போட்டி 1888இல் தொடங்கியது. ஆகவே, கால்பந்துக்குள் பணம் புகுந்தது அண்மையில் அல்ல. ஆனால் அந்தப் பணத்துக்கு நெடுங்காலம் ஒரு வரம்பு இருந்தது. கால்பந்துச் சங்கத்தின் 34ஆம் விதி, கிளப் உரிமையாளர்கள் எடுக்கும் லாபப் பங்கைக் கட்டுப்படுத்தியது. இயக்குநர்களுக்குச் சம்பளம் கூடாது என்றது. 1983இல் டாட்டன்ஹாம், கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை அமைத்து அதன் பங்குகளை லண்டன் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோனதும் அந்த விதி ஏட்டளவில் நின்றுவிட்டது. 1991இல் மான்செஸ்டர் யுனைடெட்டும் பங்குச்சந்தைக்கு வந்தது. ரசிகரை வாடிக்கையாளராக எண்ணும் போக்கைப் பிரீமியர் லீக் பிறந்த 1992இலிருந்து அல்ல, கிளப்புகள் பங்குச்சந்தைக்குப் போன இந்தக் கட்டத்திலிருந்தே கணக்கிட வேண்டும்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைப் பறித்தது. பெரிய அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. அதுவரை நண்பர்கள் கூட்டமாக வந்து, வாசலில் காசு கொடுத்து, பிடித்த படிக்கட்டில் தோளோடு தோள் நின்று பாடினார்கள். பிறகு முன்கூட்டியே சீட்டு வாங்கி, எண் காட்டும் இருக்கையில் பிரிந்து உட்கார வேண்டியதாயிற்று. லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டின் புகழ்பெற்ற 'காப்' பகுதி, இருக்கைகள் இல்லாத நிற்குமிடமாக 1994 ஏப்ரலில் கடைசி ஆட்டத்தைக் கண்டது. அதன்பின் வந்த டிக்கெட் விலையுயர்வு பாதுகாப்புக்குக் கொடுத்த விலைதான் என்று வாதிடுவோர் உண்டு. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. நின்று பார்த்தவர்களின் கைக்கு எட்டும் விலையில் இருக்கைகள் இருக்க முடியும் என்றது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் 6 பவுண்டுக்கு இருக்கை கிடைத்ததைக் காட்டியது. அரங்குகளைச் சீரமைக்கப் பந்தய வரிச் சலுகையின் வழியே பொதுப் பணமும் வந்தது. இனவெறிக் கோஷங்களைக் குற்றமாக்கியதும் கிளப்புகள் அல்ல, 1991ஆம் ஆண்டுச் சட்டமே. பாதுகாப்பு அரசின் கட்டளையால் வந்தது. விலையேற்றம் கிளப்புகள் தாமாக எடுத்த முடிவு.

1992இல் பிரீமியர் லீக்கின் ஐந்தாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 304 மில்லியன் பவுண்டு. 2025இல் தொடங்கிய நான்காண்டு உள்நாட்டு ஒப்பந்தமோ 6.7 பில்லியன். ஒளிபரப்புக்காக ஆட்ட நேரங்கள் மாறி, சனி பிற்பகல் 3 மணி என்ற பழைய ஒழுங்கு குலைந்தது. திங்கள் இரவு லண்டனில் ஆட்டம் முடியும்போது நியூகாசில் ரசிகருக்கு ஊர் திரும்ப ரயில் இருக்காது. அரங்குகள் நிரம்பி வழிகின்றனவே, விலை சரிதானே என்பார்கள். ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற இடத்தில்தான் அந்தக் கணக்கு செல்லும். லிவர்பூல் ரசிகர் விலை அதிகம் என்று அதே ஊரின் எவர்ட்டன் பக்கம் போகமாட்டார். அந்தப் பற்றையே கிளப்புகள் காசாக்குகின்றன. அதோடு ரசிகரின் குரல் விற்பனைப் பொருளின் ஒரு பகுதி. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வெற்று அரங்கு ஆட்டங்களுக்கு ஒளிபரப்பாளர்கள் பதிவு செய்த ஆரவாரத்தைச் சேர்த்ததே சான்று.

ரசிகர்கள் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லிவர்பூல் 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தபோது, 2016 பிப்ரவரி 6 அன்று, 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆன்ஃபீல்டை விட்டு வெளியேறினர், நிர்வாகம் பின்வாங்கியது. வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பும் அதே ஆண்டு வந்தது. 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கிளப்புகள் சேர்ந்த ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிப் போட்டித் திட்டம் ரசிகர்களின் எதிர்ப்பால் இரண்டே நாளில் கலைந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் கால்பந்துக்கெனத் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையோ மாற்ற இனி ரசிகர் பெரும்பான்மையின் ஆதரவு வேண்டும். டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரம் மட்டும் அந்த அமைப்புக்குத் தரப்படவில்லை.