கிண்ணத்தில் கீறிய நாள்

1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பழைய மரக்கலமொன்று கடலடியில் கண்டறியப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 60,000 சீன மட்கலங்களுள் பெரும்பாலானவை ஹூனான் பகுதியின் சாங்ஷா சூளைகளில் சுடப்பட்டவை. அவற்றுள் ஒரு கிண்ணத்தின் வெளிப்புறத்தில், ‘பாவோலி இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள்’ எனச் சுடுவதற்கு முன்னரே கீறப்பட்டிருந்தது. தாங் வம்சத்துப் பேரரசர் ஜிங்சோங்கின் காலம், கி.பி. 826.

மலிவான வணிகச் சரக்கில் நாள் எதற்கு? மேற்காசியச் சந்தைக்குச் சென்ற சரக்கு என்றே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். அங்கே சீன எழுத்தை வாசிப்பார் யார்? சூளைக்காரர் தமது கணக்குக்காகக் குறித்திருக்கலாம் என்பது எனது ஊகம்.

கப்பலும் அவ்வாண்டிலேயே மூழ்கியது என எழுதிவிடுவோர் உளர். அது அவசர முடிவு. களிமண் ஈரமாயிருந்த நாளையே அக்கீறல் குறிக்கிறது. 826இற்கு முன்னர் கலம் மூழ்கியிருக்க இயலாது. கிண்ணத்தைக் கொண்டு அவ்வளவே உறுதியாகக் கூறலாம்.

அந்த எல்லைக்கோடு நமக்கும் பயனுடையது. மன்னார் மாவட்டத்து மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்விலும் சாங்ஷா மட்கல ஓடுகள் கிடைத்தன. நாள் பொறிக்கப்படாத அத்தகைய ஓடுகளை ஒன்பதாம் நூற்றாண்டோடு பொருத்திப் பார்க்க, பெலித்துங் கிண்ணம் ஓர் அளவுகோலாகிறது.